பாலத்தடியில் வண்டி மாற்றம்

புக் செய்துவிட்டு ரத்து செய்கிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஒரு போனில் டிரைவரைத் தாஜா பண்ணி, இன்னொரு போனில் எதிர்ப்பக்கத்து ஆளோடு நேரம் ஒத்துப்பார்த்து, பலகையில் எழுதி, அப்பாடா என்று நிமிரும்போது "இல்லம்மா, இந்த வாரம் வேணாம்" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லைங்க" என்று சொல்ல வேண்டும். என் சம்பளத்தில் பாதி அந்தப் பல்லைக் கடிப்பதற்குத்தான்.

தையல்காரம்மா ஒரே மாதத்தில் மூன்று தடவை ரத்து செய்தவர். நான்காவது தடவையாக வியாழக்கிழமை காலை, நான் ஆபீஸைத் திறந்து மேசையில் படிந்திருந்த உப்புக்காற்றுப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றார். ஆபீஸ் என்றால் துறைமுகச் சாலையில் ஒரே ஒரு அறை. ஒரு மேசை, இரண்டு போன், வண்டிகளின் பயண விவரம் எழுதும் வெள்ளைப் பலகை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச். அந்த அம்மா பெஞ்சில் உட்காரவில்லை.

"சனிக்கிழமை காலையில ஒரு வண்டி வேணும்மா. அதே ஊருக்கு."

"போறதுக்குத்தானே?"

"போறதுக்குத்தான்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த பையை மேசைமேல் வைத்தார்.

"இந்தத் தடவை போயே ஆகணும். செவ்வாய்க்கிழமை நான் நாட்டை விட்டே கிளம்பறேன். பையன் கூப்பிட்டுக்கறான். கடையைக் காலி பண்ணியாச்சு, மெஷினைக் கொடுத்தாச்சு. அங்க போனா மறுபடி எப்ப வருவேன், வருவேனான்னே தெரியாது. அதுக்குள்ள எங்க அக்காவை ஒரு தடவை பாத்துடணும்."

அக்கா கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டாவது ரத்தின்போதே சொல்லியிருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளுக்குக் கல்யாணம். கல்யாண உடுப்பை இந்த அம்மா இரண்டு மாதம் கண் விழித்துத் தைத்துக் கொண்டுபோனார். கல்யாணத்தன்று பெண் மேடைக்கு வந்தபோது, அவள் உடம்பில் இருந்தது கடையில் வாங்கிய உடுப்பு. ஒரு வார்த்தை பேசாமல் இவர் அப்படியே திரும்பி வந்துவிட்டார். அக்காவும் கூப்பிடவில்லை. கூப்பிடாதவளின் நம்பர் எதற்கு என்று இவர் அழித்துவிட்டார். அக்கா நம்பரையே மாற்றிவிட்டதாகக் கேள்வி. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. இருவருக்கும் கூடப்பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

"நான் வர்றது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா கதவைப் பூட்டிட்டுப் போயிடுவா. அவ்வளவு அழுத்தம்" என்றார் தையல்காரம்மா.

சனிக்கிழமை காலை எட்டு மணி என்று பலகையில் எழுதினேன். அழிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஓரத்தில்தான் எழுதினேன்.

எங்கள் கம்பெனி வேலை செய்கிற விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டும் கடலோர ஊர். நடுவே ஐந்து மணி நேரச் சாலை. ஒரே டிரைவர் போய்த் திரும்பினால் பத்து மணி நேரம், மனுஷன் நார் நாராகிவிடுவான். அதனால் இங்கிருந்து ஒரு வண்டி, அங்கிருந்து ஒரு வண்டி என்று ஒரே நேரத்தில் கிளப்புவோம். சரிபாதி வழியில், ஆறு கடலில் கலக்கிற இடத்துப் பாலத்தடியில், ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அங்கே பயணிகள் வண்டி மாறிக்கொள்வார்கள். இங்கிருந்து போனவர் அந்த வண்டியில் ஏறுவார், அங்கிருந்து வந்தவர் இந்த வண்டியில் ஏறுவார். டிரைவர்கள் இருவரும் திரும்பி, அவரவர் வீட்டில் போய் மத்தியானம் சாப்பிடுவார்கள். ஆக, எதிர்ப்பக்கம் ஒரு ஆள் கிடைத்தால்தான் எனக்கு வேலை சுலபம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் கம்பெனியின் அந்த ஊர் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற அக்கா போன் செய்தார். நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் ஏழு வருஷமாகத் தினமும் பேசுகிறோம். அவருடைய மூட்டுவலி முதற்கொண்டு எனக்குத் தெரியும்.

"சனிக்கிழமைக்கு என்கிட்ட ஒரு ஆள் சிக்கிருக்கு. ஒரு பெரியம்மா. நேத்து மத்தியானம் வந்து புக் பண்ணாங்க. அதுக்கப்புறம் அஞ்சு தடவை போன். வண்டி கண்டிப்பா வருமா, வழியில நிக்குமான்னு உயிரை எடுக்கறாங்க. இறக்கற இடம் எழுதிக்கோ."

"சொல்லுங்கக்கா."

"மணிக்கூண்டுக்குப் பின்னாடி தெரு. கீழ சைக்கிள் கடை. மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கும். நீலக் கதவு."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அதே விலாசம் பலகையில் என் கையெழுத்திலேயே இருந்தது. ஏற்றுகிற இடம்: மணிக்கூண்டுக்குப் பின் தெரு, சைக்கிள் கடை மாடி, நீலக் கதவு.

"அக்கா, என் ஆளை இறக்கற இடத்தை நான் சொல்றேன், கேளுங்க. மீன்பிடி ஜெட்டிக்கு எதிர்ச் சந்து, மூணாவது வீடு, வாசல்ல தண்ணித்தொட்டி."

"அட கடவுளே, அங்கிருந்துதானே நான் ஏத்தறேன்!" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். தங்கை நாட்டை விட்டுப் போகப்போகிறாள் என்று யாரோ சொல்லி அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அவரும் சொல்லாமல் கொள்ளாமல் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டி கேட்டிருக்கிறார். இருவரும் ஒரே நாளில், ஒருவர் வீட்டுக்கு மற்றவர்.

"சொல்லிடலாமா?" என்றார் ஆபீஸ் அக்கா.

"சொன்னா என் ஆளு என்ன பண்ணும் தெரியுமா? 'அவதான் வர்றாளே, அப்புறம் நான் எதுக்குப் போகணும்'னு வீட்ல உக்காந்துக்கும்."

"என் ஆளும் அதே ரகம்தான். ரெண்டும் உக்காந்துட்டா?"

அதுதான் பயம். இருவரும் உட்கார்ந்துகொண்டால் செவ்வாய்க்கிழமை விமானம் கிளம்பிவிடும். சொல்லாமல் விட்டு, பாலத்தடியில் சந்திக்காமல் தவறிப்போனாலோ இன்னும் மோசம். இருவரும் பூட்டிய கதவின் முன்னால் நிற்பார்கள். அதன்பிறகு நாங்கள் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. 'நான் வர்றது தெரிஞ்சே பூட்டிட்டுப் போயிட்டா' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே வாயை மூடிக்கொள்வது, பாலத்தடியில் வண்டி மாற்றத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பது என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வண்டி கிளம்பியது. டிரைவர் அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம். அவர் வண்டியைச் சைக்கிள்காரன் முந்திப்போனாலும் சிரித்துக்கொண்டே வழிவிடுவார். எதிர்ப்பக்க டிரைவரின் பெயர் ராக்கெட். பெயரைக் கேட்டாலே புரியும். நிதானத்திடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வைத்தேன். ராக்கெட்டிடம் சொல்லவில்லை, அவர் வாயில் எதுவும் தங்காது. அந்தச் சாமர்த்தியம்தான் எனக்கே வினையாக வந்தது.

பத்தேகால் மணிக்கு ராக்கெட் போன் செய்தார்.

"தங்கச்சி, நான் பங்க்குக்கு வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு. உங்க ஆளை எங்க காணோம்? இந்தப் பெரியம்மா ஒரே அவசரம். 'எனக்கு எதுக்கு வண்டி மாத்தணும், நீயே நேரா கொண்டுபோய் விடு'ங்கறாங்க. நான் நேரா விட்டுடறேன். உங்க ஆளை நிதானமே அந்தக் கடைசி வரைக்கும் கொண்டுபோகட்டும். ரெண்டு பேருக்கும் மாத்தற வேலை மிச்சம்."

"வேணாம்ணே! கிளம்பாதீங்க!"

"ஏன்?"

ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? பின்னால் அந்தப் பெரியம்மாவின் குரல் வேறு கேட்டது. "ஏம்ப்பா, அங்க என் தங்கச்சி வெளிய எங்கயாவது போயிடப் போறா. எடுப்பா வண்டியை." வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்க பின் டயர்ல காத்து கம்மியாம்ணே. உங்க ஆபீஸ்ல சொன்னாங்க."

சொல்லியிருக்கவே கூடாது. ராக்கெட்டின் அம்மாவைப் பற்றிப் பேசினால்கூடப் பொறுத்துக்கொள்வார், டயரைப் பற்றிப் பேசினால் பொறுக்கமாட்டார்.

"என் டயர்லயா? யாரு சொன்னது? போன மாசம் போட்ட டயர்! இருங்க, இப்பவே காத்து புடிச்சுக் காட்டறேன். நாலு டயரும்!"

"ஸ்டெப்னியையும் பாருங்கண்ணே" என்றேன். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் ஒவ்வொரு டயராக அளந்து, அளவைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஐந்தாவது போட்டோவின் ஓரத்தில் எங்கள் வண்டியின் மூக்கு தெரிந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

அடுத்த பத்து நிமிஷம் யாரும் போன் செய்யவில்லை. நானே நிதானத்தைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, என்ன நடக்குது? சொல்லுங்கண்ணே!"

"இரு, இரு. சொல்றேன்." அவர் அங்கேயும் நிதானம்தான். "நம்ம அம்மா இறங்கி, பையை எடுத்துக்கிட்டு அந்த வண்டிக்கு நடந்தாங்க. அந்தம்மா கதவைத் திறந்து இறங்கினாங்க. ரெண்டு பேரும் பாத்தாங்க. அப்படியே நின்னுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தம்மா கேட்டாங்க, 'எங்கடி கிளம்பிட்டே?'ன்னு. இவங்க, 'உன் வீட்டுக்குத்தான், நீ எங்க போறே?'ன்னாங்க. 'உன் வீட்டுக்குத்தான்'னாங்க. அவ்வளவுதான். கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. பங்க்ல பெட்ரோல் போட வந்தவன்லாம் வண்டியை நிறுத்திட்டு நிக்கறான்."

எனக்கும் அழுகை வந்தது. வந்தது என்று சொல்வதில் என்ன வெட்கம்? காலையில் துடைத்த மேசையிலேயே நாலு சொட்டு விழுந்தது.

"இப்ப என்ன பண்றாங்க?"

"இப்ப சண்டை போடறாங்க."

"என்னது?"

"அந்தக் கல்யாண உடுப்பு. புள்ளைக்குக் கை தூக்க முடியலையாம், அவ்வளவு இறுக்கமாம். அழுதிருக்கு. கடைசி நேரத்துல கடைக்கு ஓடினாங்களாம். 'என்கிட்ட சொல்லியிருந்தா அங்கேயே பிரிச்சுத் தச்சிருப்பேனே'ங்கறாங்க நம்ம அம்மா. 'நீ எங்கடி நின்னே சொல்றதுக்கு'ங்கறாங்க அவங்க. நல்லாத்தான் போகுது, பயப்படாதே. ராக்கெட் எல்லாருக்கும் டீ வாங்கப் போயிருக்கான்."

யார் வீட்டுக்குப் போவது என்று அரை மணி நேரம் வழக்கு நடந்திருக்கிறது. தங்கை வீட்டில் மூட்டை கட்டுகிற வேலை பாக்கி இருந்ததால் இங்கே வருவது என்று தீர்ப்பானது. ராக்கெட் காலி வண்டியோடு திரும்பினார். போகும்போது, இந்த டயர் விஷயத்தைச் சும்மா விடப்போவதில்லை என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்.

மத்தியானம் இரண்டு மணி வாக்கில் நிதானத்தின் வண்டி ஆபீஸ் வாசலிலேயே வந்து நின்றது. இருவரும் இறங்கி உள்ளே வந்தார்கள். ஒரே மூக்கு, ஒரே நடை. பெரியவருக்குத் தலை முழுக்க வெள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம். அழுத முகம் இரண்டும் வீங்கியிருந்தது. இந்தத் தடவை தையல்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். பெரியவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, ஒரு பஞ்சாயத்து. நீதான் சொல்லணும். முதல்ல வண்டி புக் பண்ணது யாரு?"

"நான்தான்னு சொல்றேன், நம்பமாட்டேங்கறா" என்றார் தங்கை.

"நீ எப்படி முதல்ல? எனக்குச் சேதி கிடைச்ச அன்னிக்கே நான் போய் எழுதினேன். நான்தான் முதல்ல. நான் மூத்தவ, நான்தான் இறங்கி வரணும்."

"சின்னவதான் இறங்கி வரணும். நான்தான் வந்தேன்."

ஆறு வருஷம் நீ முதலில் வா, நீ முதலில் வா என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், இப்போது நான்தான் முதலில் வந்தேன் என்று மல்லுக்கு நின்றார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வியாழன் காலை தங்கை, வியாழன் மத்தியானம் அக்கா. புக் செய்த நாளும் நேரமும் பலகையில் அப்படியே இருந்தது. நான் எழுந்து பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்தாம்மா. எனக்கு நேரமெல்லாம் ஞாபகமில்லை."

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். தையல்காரம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அக்காவின் தோளில் கையை வைத்தார்.

"சரி, இன்னொரு வண்டி எழுதிக்கம்மா. செவ்வாய்க்கிழமை காலையில, ஏர்போர்ட்டுக்கு. போறப்ப ரெண்டு பேரு. அங்கிருந்து இவளை மட்டும் இவ ஊர்ல கொண்டுபோய் விடணும்."

சொல்லிவிட்டு அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பேனாவை எடுத்தேன். இந்தத் தடவை ஓரத்தில் எழுதவில்லை, நடுவில் பெரிதாக எழுதினேன்.

"வேற ஏதாவது வேணுமாம்மா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"ஆமா. திரும்பறப்ப பேச்சுக் கொடுக்காத டிரைவரா பாத்துப் போடு" என்றார் அவர். "நான் வழியெல்லாம் அழுதுகிட்டுப் போகணும்."