மஞ்சள் திரை

ஸ்டுடியோ சதீஷ் அனுப்பிய படத்தில் என் மனைவிக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி இருந்தது. மதுவந்தி மூக்குக் குத்தியதே இல்லை. அரக்குப் பட்டும் நாலு வடச் சங்கிலியும் யாரோ ஒருத்தியுடையவை. கழுத்துக்கு மேலே மட்டும் அவள். அதுவும் ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது. மூக்குக்கண்ணாடியை அழித்து, மாவை அப்பியது போல முகத்தை வெளுக்க வைத்திருந்தான்.

"செமையா வந்துருக்கு சார்" என்றான் போனில். "அஞ்சு மணிக்குப் பிரிண்ட் போட்டுருவேன். வேற படம் இருந்தா அதுக்குள்ள அனுப்பிடுங்க."

நாளை மறுநாள் அவளுக்குத் தலைத் திவசம். சட்டம் போட்ட படம் திருப்பனந்தாளில் மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டப்படும். அந்தச் சுவரில் ஏறிய படம் எதுவும் இறங்கியதில்லை.

என் போனில் இருப்பவை ஆஸ்பத்திரிப் படங்கள். முந்தையவற்றை அவளே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்திருந்தாள். அந்தக் கம்ப்யூட்டரை நான் ஒரு வருஷமாகத் தொடவில்லை.

மணி மூன்றேகால். படத்தை வாங்கிப் போகத் தஞ்சாவூருக்கு வந்திருந்த மாமனார் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாமியார் நீலாம்பாள் என் பின்னால் நின்றார்.

சுவிட்சைப் போட்டேன். உள்ளே விசிறி ஓடியது. திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று முறை பீப் என்றது.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். நாற்றம் முகத்தில் அடித்தது. கரப்பான் எச்சம், பல்லி முட்டை ஓடு, விசிறிக்குக் கீழே அட்டை போலக் காய்ந்த ஒரு பல்லி. குச்சியால் தள்ளினேன். வால் தனியாக வந்தது.

"சீ, வீட்டை எப்படி வச்சிருக்கீங்க, மாப்ள" என்றார் மாமியார்.

ராம் எனும் நினைவக அட்டையை உருவி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். ரப்பர் கறுத்தது. திரும்பச் செருகினேன். இந்த முறை ஒரே பீப். திரை வந்தது.

மஞ்சளாக வந்தது.

படத்தைத் தேடி எடுத்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆனி மாதம். கல்லணைக் கால்வாய்க் கரையில் நாவல் பழம் தின்றுவிட்டு, என்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிறாள். சட்டை, வானம், கண்ணின் வெள்ளை எல்லாம் மஞ்சள். நாக்கு காய்ந்த ரத்தம் போலப் பழுப்பு.

"மாமா, இங்க வாங்க" என்று மாமியார் கணவரைக் கூப்பிட்டார். "பாருங்க, மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி இருக்கா. சுமங்கலியாப் போனவ முகம். நாக்கை மட்டும் சதீஷ் எடுத்துடுவான். இந்தக் கலர்லயே போடச் சொல்லுங்க, மாப்ள."

"லட்சணமா இருக்கா" என்றார் மாமனார்.

"இது கம்ப்யூட்டர் கோளாறு."

"கோளாறா இருந்தா என்ன? நல்லாத்தானே இருக்கு."

அவர்களைக் குறை சொல்ல முடியாது. திரையைப் பார்த்த முதல் நிமிஷம் எனக்கும் அது சரியாகத்தான் தோன்றியது. மூன்று மாதம் அந்த நிறத்தில்தான் அவளைப் பார்த்திருந்தேன். கல்லீரல் கெட்டால் கண்தான் முதலில் மஞ்சளாகும். பிறகு நகம், உள்ளங்கை.

"ஆஸ்பத்திரியில கடைசியா இருந்தாளே, அந்தக் கலர் இது, அத்தை."

அவர் திரையை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

மானிட்டரின் பட்டனை அழுத்தினேன். பிரகாசம், நிறம் என்று மெனு விரிந்தது. நீலத்தை நூறுக்கு ஏற்றியும் படம் மாறவில்லை. ஆனால் மெனுவின் எழுத்துகள் சுத்த வெள்ளை. அப்படியென்றால் மானிட்டர் சரியாக இருக்கிறது. வரும் வழியில்தான் நீலம் எங்கோ நிற்கிறது.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மானிட்டர் ஒயரை உருவினேன். பின்பக்கச் சாக்கெட்டில் மூன்று வரிசையாகப் பதினைந்து ஓட்டைகள். மேல் வரிசையில் மூன்றாவது, நீலத்துக்கானது, அடைத்திருந்தது. மங்கிய பழுப்பாக ஏதோ. பூச்சிக் கூடு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

"ஆயுத பூஜைக்கு நான்தான் வச்சேன்" என்றார் மாமியார். அந்த ஆயுத பூஜைக்கு மதுவந்தி வார்டில் இருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொண்டது அவர். "ஒயரைக் கழட்டித் துடைச்சுட்டு எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். ஃபிரிட்ஜுக்கு, மிக்ஸிக்கு, இதுக்கும். அவ வந்து இதுலதானே வேலை பாப்பான்னு..."

"ஓட்டைக்குள்ளயா வைப்பாங்க?"

"எது மூஞ்சின்னு எனக்கு என்ன தெரியும்?"

மாமனார் சிரித்துவிட்டார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஊக்கு இருக்கா, அத்தை?"

மாமியார் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். கல்லாகியிருந்த சந்தனத்தைத் துளித்துளியாகக் குத்தி எடுத்தேன். கையெல்லாம் கரப்பான் நாற்றமும் சந்தன வாசனையும் கலந்திருந்தது. இரண்டில் எது மோசம் என்று சொல்ல முடியவில்லை.

மணி நாலே முக்கால். ஒயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன்.

மதுவந்தி கறுப்பாக இருந்தாள். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருந்தது. நாக்கும் பல்லும் அப்பட்டமான ஊதா. மூக்குக்கண்ணாடியில் விரல் ரேகை.

"ஐயே, பல்லைப் பாரு" என்றார் மாமியார். "இதையா கூடத்துல மாட்டுறது? வர்றவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கண்ணு நல்லா இருக்கு" என்றார். "மஞ்சள் இல்ல."

அனுப்பினேன். உடனே சதீஷ் கூப்பிட்டான்.

"சார், இதுவா? பல்லையாவது வெள்ளையாக்கிடவா?"

"வேண்டாம்."

"கொஞ்சம் கலர் ஏத்தி..."

"எதையும் தொடாதீங்க."

"மூக்குத்தி?"

போனை வைத்தேன். ஊக்கைத் துடைக்கத் துணி தேடினேன். மாமியார் கையை நீட்டி அப்படியே வாங்கி, முனையில் ஒட்டிய சந்தனத்தோடு வளையலில் மாட்டிக்கொண்டார்.