ஓரன் டெவெய்ன் அடித்த கோல்

என் வீட்டுக்காரர் மலாக்கிக்கு ஒரு வியாதி உண்டு. எங்கள் ஊர் பாலினாராவின் ஹர்லிங் அணி தோற்றால் வீட்டில் சாப்பிட மாட்டார். ஜெயித்தால் வாயை மூட மாட்டார். ஹர்லிங் என்றால் வளைந்த மட்டையால் பந்தடிக்கிற இந்த நாட்டு ஆட்டம், அணிக்குப் பொறுப்பாளர் அவர்தான். எனக்கு இரண்டுமே பழகிவிட்டது, தோற்கிற வாரம் சமையல் வேலை கொஞ்சம் மிச்சம்.

இந்த வருஷம் பதினைந்து பேரைச் சேர்ப்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது. ஊரில் பையன்கள் இல்லாமல் இல்லை. சின்னதுகள் எல்லாம் இங்கிலாந்து கால்பந்து கிளப்புகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகின்றன. டவுன் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு ரக்பி. யாராவது ஒருவன் மட்டையைப் பிடித்து நன்றாக ஆட ஆரம்பித்தால், அதற்குள் அவனுக்கு சிட்னியிலோ பாஸ்டனிலோ வேலை கிடைத்துவிடும். மலாக்கி ஓட்டுக் கேட்கப் போகிறவர் மாதிரி வீடு வீடாக ஏறி இறங்குவார்.

டிம்ப்னா டெவெய்ன் வீட்டுக்கு மட்டும் அவர் ஏறுவதில்லை. ஏறினால் அங்கே ஒரு பெருமூச்சுதான் கிடைக்கும். டிம்ப்னா எனக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே பையன் ஓரன். இடது கைக்காரன். எங்கள் ஊரில் அவனைப் போல் ஹர்லிங் ஆடியவனை நான் பார்த்ததில்லை. ஆனால் கேலிக் என்கிற எங்கள் நாட்டுக் கால்பந்தும் ஆடித் தொலைத்தான். அங்கேதான் வினை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆள் பிடிக்க வந்த ஒருவன், இவனுடைய ஓட்டத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு, அவர்களுடைய முட்டைப் பந்தை ஆடச் சொல்லி மெல்போர்னுக்குக் கொண்டுபோய்விட்டான். நல்ல குதிரையைச் சந்தையில் பார்த்து ஓட்டிக்கொண்டு போகிற மாதிரிதான் இருந்தது எனக்கு.

அங்கே முழங்கால் போயிற்று, அணியும் கைவிட்டது. திரும்பி வந்திருக்கலாம். சுவர்ப் பலகை பொருத்துகிற வேலை, ஒரு பெண், கடற்கரை என்று அங்கேயே தங்கிவிட்டான். ஒவ்வொரு வருஷமும் "அடுத்த கிறிஸ்துமஸுக்கு" என்பான். டிம்ப்னா அவனுடைய பதினொன்றாம் நம்பர் சட்டையை வேறொருவன் முதுகில் பார்க்க முடியாமல் மைதானத்துக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

இந்தக் கோடையில் ஒருநாள் போனில் அவளிடம் சொல்லியிருக்கிறான். "நம்ம டீம் ஃபைனலுக்கு வந்துட்டா சத்தியமா வரேம்மா. ஃபைனலை எவன் விடுவான்?"

அவ்வளவுதான். அன்று முதல் டிம்ப்னாவுக்கும் மலாக்கியின் வியாதி பிடித்துக்கொண்டது. தடுப்பாட்டக்காரன் ஒருவன் கணுக்கால் சுளுக்கிக்கொண்டதற்குக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மைதானத்துக்குத்தான் வரவில்லையே தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை ரேடியோவை அணைக்கவே மாட்டாள்.

அரையிறுதி டெர்ரிமோர் அணியோடு. நான் வழக்கம்போல டீ மேஜைக்குப் பின்னால் நின்றேன். எங்கள் பையன்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். எல்லார் தலையிலும் ஹெல்மெட், முகத்துக்குக் கம்பி வலை. ஒலிபெருக்கிக்காரர் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, "பதினொன்று, ஓரன் டெவெய்ன்" என்றார். எனக்குக் கையில் டீ கொட்டியது.

நேராக மலாக்கியிடம் போனேன்.

"யாருங்க அது?"

"ஓரன்."

"என்கிட்டயேவா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "கிளேர்லேர்ந்து வந்த வெளியூர்ப் பையன். ஜார்லத்னு பேரு. கத்தித் தொலைக்காதே யூனா. ரெண்டு பேருக்கு அடி, ஒருத்தன் கல்யாணத்துக்குப் போயிட்டான். ஓரன் பேரு இன்னும் நம்ம பதிவுல இருக்கு. ஹெல்மெட்டுக்குள்ள எவன் இருக்கான்னு யாருக்குத் தெரியப்போவுது?"

"டிம்ப்னாவுக்குத் தெரிஞ்சா?"

"அவதான் மேட்சுக்கு வர்றதில்லையே."

"ரேடியோன்னு ஒண்ணு இருக்கே! அறிவிருக்கா உங்களுக்கு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ரேடியோ என்று ஒன்று இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அதே நேரம் மைதானத்தில் ஒரே கூச்சல். ஜார்லத் கோல் அடித்துவிட்டான். பக்கவாட்டில் நின்ற ரேடியோக்காரர் போனில் கத்தினார்: "ஓரன் டெவெய்ன்! ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார் போலிருக்கிறது!"

டிம்ப்னாவின் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. போன வருஷம் ஒரு மேட்சுக்காக கிளப் பாஸ்டனிலிருந்து இரண்டு பேரை வரவழைத்து, ஆடவிட்டுத் திருப்பி அனுப்பியது. அதெல்லாம் இங்கே நடக்கிறதுதான். அவள் ஏன் நம்பமாட்டாள்?

இரண்டாம் பாதி தொடங்கியபோது அவளுடைய கார் வந்து கோணலாக நின்றது. பூசைக்குப் போகிற கோட்டு, அதற்கடியில் ஏப்ரன். முகம் அப்படிச் சிவந்து, அப்படி மலர்ந்து நான் பார்த்து எத்தனையோ காலமாகிறது.

"சொல்லவே இல்ல பாருடி! கள்ளப்பயல்! ஃபைனலுக்கு வரேன்னு சொல்லிட்டு செமிஃபைனலுக்கே வந்து நிக்கிறான்!"

சொல்ல வாயைத் திறந்தேன். "டீ குடிக்கிறியா?" என்றுதான் வந்தது. அவள் காதில் விழவில்லை. மைதானத்து எல்லைக்கோட்டின் ஓரமாகப் போய் நின்றுகொண்டு, "ஓரன்! டேய் ஓரன்! இங்க பாருடா!" என்று கத்தினாள். பதினொன்றாம் நம்பர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "மேட்ச் நடக்கும்போது பாக்கமாட்டான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்" என்றாள் என்னிடம்.

பிறகு எங்களுக்கு ஒரு ஃப்ரீ அடி கிடைத்தது. பதினொன்றாம் நம்பர் வந்து பந்துக்கு முன்னால் நின்று, வலது பக்கமாக மட்டையை ஓங்கி அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே நேராகப் போயிற்று, ஒரு பாயிண்ட். ஊரே கை தட்டியது.

டிம்ப்னா தட்டவில்லை. கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"டிம்ப்னா, வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"இரு. ஸ்கோர் என்ன?"

"சமம்."

"முடியட்டும்" என்றாள்.

ஒரே ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். விசில் ஊதியதும் ஜனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அந்தக் கும்பலில் டெர்ரிமோர் பொறுப்பாளர் ஃபெர்கஸ், ஆள் மாட்டுக்கொட்டகைக் கதவு அளவுக்கு இருப்பார், ஜார்லத்தின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டு தம்பி. முகத்தைப் பாக்கணும்."

நடுவர் வந்தார். மலாக்கி வெளுத்துப்போனார். ஆள் மாறாட்டம் என்று தெரிந்தால் ஆட்டம் டெர்ரிமோருக்குப் போய்விடும், அணிக்குத் தடையும் வரும். "பையனுக்கு உடம்பு சரியில்லை", "கட்டு போட்டிருக்கு" என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் ஏதேதோ உளறினார்.

"கையை எடு ஃபெர்கஸ்!"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு டிம்ப்னா வந்தாள். ஜார்லத்துக்கு முன்னால் போய் நின்று, கம்பி வழியாக அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"உங்க பையனாம்மா?" என்று நடுவர் கேட்டார்.

"பின்ன யாரு பையன்? பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். "அவ்வளவு தூரம் பறந்து வந்த பிள்ளை. ஒரு வாய் சாப்பிடல, தூங்கல. நடுத்திடல்ல நிறுத்தி வச்சு திருடனைப் புடிச்ச மாதிரி புடிக்கிறீங்க. வெக்கமா இல்ல?"

நடுவருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். "அம்மாவே சொல்லியாச்சு, போதும்" என்றார்.

ஃபெர்கஸ் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓரனின் இடது கை அவருக்குத் தெரியாததா? எத்தனை முறை அந்தக் கையிடம் தோற்றிருக்கிறார். டிம்ப்னாவின் கணவருடைய சவப்பெட்டியைத் தோள் மாற்றித் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். இரண்டு ஊர் ஜனத்துக்கு முன்னால் அவளைப் பொய்க்காரி என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. கம்பியை விட்டுவிட்டார்.

"நல்லா ஆடினே ஓரன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மலாக்கிக்கு அழுகையே வந்துவிட்டது. நம் அணிக்காக எப்பேர்ப்பட்ட காரியம் பண்ணிவிட்டாள் என்று அவர் வாய் ஓயவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அத்தனை பேர் பார்க்க, பையனை வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் இருக்க முடியுமா? ஜார்லத்தைக் காரில் ஏற்றிக்கொண்டாள். அவளைத் தனியாக விட எனக்குப் பயமாக இருந்தது, நானும் ஏறிக்கொண்டேன். வீட்டில் அடுப்பில் ஆட்டுத்தொடை வறுபட்டுக்கொண்டிருந்தது. ரேடியோவில் பெயரைக் கேட்டதும் உறையவைத்த இறைச்சியை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். வெளியே கருகி, உள்ளே வேகாமல் கிடந்தது. நல்ல துண்டுகளாகப் பார்த்து வெட்டி அவனுக்கு வைத்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றான் அவன்.

"சாப்பிடுப்பா. உங்கம்மா எங்க இருக்காங்க?"

"வீட்லதான்."

"அடிக்கடி போய்ப் பாக்கறியா?"

"பக்கத்து வீட்லதான் இருக்கேன்."

"அதிர்ஷ்டக்காரி" என்றாள் டிம்ப்னா.

இருட்டத் தொடங்கியபோது போன் அடித்தது. ஓரன். மெல்போர்னில் விடிகிற நேரம். மேஜை மேல் வைத்தே பேசினாள், எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"அம்மா! நான் ஒரு கோல் அடிச்சேனாமே!" விழுந்து விழுந்து சிரித்தான். "பசங்க குரூப்ல இதே பேச்சுதான். அதுவும் வலது கையால!"

"ஆமாண்டா. நல்லாத்தான் ஆடினே."

"நீ போய் நின்னு கலாட்டா பண்ணினியாம்ல? சூப்பர்மா நீ!"

"ஃபைனலுக்கு வந்துட்டோம் ஓரன்."

"பாத்தேன், பாத்தேன்."

"எப்போ கிளம்புற? டிக்கெட் போட்டுட்டியா?"

ஜார்லத் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலாக்கியின் அணியாவது மண்ணாங்கட்டியாவது. அரையிறுதியில் தோற்றால் இந்தப் பிள்ளை வருவதற்குக் காரணம் இல்லாமல் போய்விடும். அதற்காகத்தான் ஊரார் பிள்ளையைத் தன் பிள்ளை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

ஓரன் மறுபடி சிரித்தான். "எதுக்கும்மா? நான்தான் ஏற்கெனவே அங்க ஆடிக்கிட்டிருக்கேனே! ரெண்டு ஓரன் வந்து நின்னா எல்லாருமே மாட்டிக்குவாங்க."

டிம்ப்னாவும் சிரித்தாள். எப்படிச் சிரித்தாளோ, தெரியவில்லை. "அதுவும் சரிதான்" என்றாள்.

"வேன் வந்துட்டுது, கிளம்பறேம்மா. அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பாக்கலாம்."

போன் அணைந்தது. அவனை நாலு வார்த்தை நன்றாகத் திட்டவேண்டும் போல் எனக்கு நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். ஜார்லத் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நான் கிளம்பறேங்க. இனிமே இப்படி ஆட வரமாட்டேன். சத்தியமா."

டிம்ப்னா அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். அவன் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தாள்.

"ஃபைனலும் நீயே ஆடிடுப்பா" என்றாள். "அந்தப் பேரு சும்மாத்தானே கிடக்கு."