நாலு பேருக்கு ஜெபம்

தாயில்பட்டிச் சபையில் ஓடுகிற மின்விசிறி, கத்துகிற மைக் செட், அடிக்கிற மணி எல்லாமே அய்யாதுரை உபயம். விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் அவருடைய அப்பா பெயர் எழுதியிருக்கும். சுற்றும்போது பெயர் தெரியாது, கரண்ட் போனால் தெரியும். அதனால் ஆராதனையில் கரண்ட் போவதை அய்யாதுரை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. ஆடி முடிந்து சீசன் சூடு பிடிக்கும்போது சபைப் போதகர் வேதமுத்து ஐயரைக் காரில் கூட்டிப்போய் அறை அறையாக ஜெபம் பண்ண வைப்பார். போன வருஷமும் ஐயர் போனார். ஒரு குறையும் வராமல் காக்கும்படி உருக்கமாக ஜெபித்து, காபி குடித்துவிட்டு வந்தார்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாம் நம்பர் அறை வெடித்தது. வாசல் பக்கம் இருந்தவர்கள் தீக்காயத்தோடு ஓடித் தப்பினார்கள். மூலையில் இருந்த சபைக்காரி சண்முகத்தாய்க்கு வழி கிடைக்கவில்லை. அடக்க ஆராதனையில் ஐயர், எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்றார். அதைச் சொல்ல அவருக்குச் சிரமமே இருக்கவில்லை, பல வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் சண்முகத்தாயின் புருஷன் சின்னச்சாமி அவரிடம் வந்தார்.

"ஐயரே, அந்த ரூம் வாசல்ல நாலு பேருதான் இருக்கணும்னு போர்டு போட்டிருந்துச்சு. உள்ள எட்டுப் பேரு இருந்தாக. அதுவும் கர்த்தர் சித்தமா?"

சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி ஐயரை அரித்துக்கொண்டே இருந்தது. சண்முகத்தாயின் மகள் பாண்டிச்செல்வி அதே கம்பெனியில்தான் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்ட பிறகு இன்னும் அதிகமாக அரித்தது. அவளுக்கும் தன் வாயால் அடக்க ஆராதனை நடத்தும்படி ஆகிவிடக்கூடாது. அந்த வருஷம் ஐயருக்கு இருந்த ஒரே சொந்த ஜெபக்குறிப்பு அதுதான்.

இந்த வருஷமும் ஒரு சனிக்கிழமை கார் வந்தது. மூன்றாம் நம்பர் அறையைப் புதிதாகக் கட்டி வெள்ளையடித்திருந்தார்கள். வாசலில் போர்மேன் காளீஸ்வரன் ஐயரை நிறுத்தினான்.

"அங்கியக் கழட்டிருங்க ஐயரே. பாலியஸ்டர் துணி உள்ள ஆகாது. ஒரு பொறி போதும்."

ஐயர் அங்கியைக் கழற்றிக் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொடச் சொன்னான், தொட்டார். பாதுகாப்பில் கம்பெனி இவ்வளவு கண்டிப்பாக இருப்பது அவருக்குத் திருப்தியாக இருந்தது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். எட்டுப் பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் பாண்டிச்செல்வி.

ஐயர் வெளியே வந்து போர்டைப் படித்தார். நாலு என்றுதான் போட்டிருந்தது.

"நாலு பேருக்குன்னா ஜெபம் பண்றேன் அண்ணாச்சி," என்றார். "எட்டுப் பேருக்கு முடியாது."

அய்யாதுரை சிரித்தார். ஐயர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"ஜெபத்துக்கு எதுக்கு ஐயரே கணக்கு?"

"நாமளே கூட்டமா அடைச்சு வச்சுட்டு, ஆண்டவரே நீர் பாத்துக்கிடும்னு சொன்னா, அது ஜெபம் இல்ல அண்ணாச்சி. அவரு தலையில கட்டுறது. போன வருஷம் அதத்தான் பண்ணினேன்."

"ஆர்டர் கழுத்தப் பிடிக்கி. நீங்க கிளம்புங்க," என்றார் அய்யாதுரை. திரும்பிப் போக கார் வரவில்லை. ஐயர் அங்கியைக் கையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைக் செட் ரிப்பேருக்குப் போயிருந்தது. சனிக்கிழமை வரை நன்றாகத்தான் இருந்தது. ஐயரை மாற்றச் சொல்லிப் பேராயர் அலுவலகம் வரை பேச்சு போயிருக்கிறது என்று கமிட்டியில் ஒருவர் அவர் காதில் போட்டார். ஐயருக்குப் பயமாகத்தான் இருந்தது. தொண்டை கட்டும்வரை மைக் இல்லாமல் பிரசங்கித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலையில் காளீஸ்வரன் பைக்கில் வந்து நின்றான்.

"ஐயரே, பொம்பளைக யாரும் ரூமுக்குள்ள போக மாட்டேங்காக. ஜெபம் பண்ணாத ரூமாம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க."

போய்ப் பார்த்தால் எட்டுப் பேரும் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நின்று பேசியவள் சோலையம்மாள். அவள் சபையே இல்லை, மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறவள்.

"எங்க சாமிக்கும் சொல்லியாச்சு, உங்க சாமிக்கும் சொன்னாத்தான் உள்ள போவோம். போன வருஷம் ஜெபம் பண்ணியே அப்படி ஆச்சு. பண்ணாட்டி என்ன ஆகும்?"

ஜெபம் தாயத்து இல்லை என்று ஐயர் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பிரசங்கம் பண்ணிவருகிறார். ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை என்பது இப்போது தெரிந்தது. திருத்த வாயெடுத்தவர், மூலைக்காரி பாண்டிச்செல்வியும் மரத்தடியில் இருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். வேதபாடத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

அய்யாதுரை வந்தார். லாரி காத்திருந்தது.

"நீங்க பண்ணாட்டிப் போங்க. நானும் விசுவாசிதான். நானே பண்றேன்."

"தாராளமா பண்ணுங்க," என்றார் ஐயர். அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

ஜெபம் உண்டு என்றதும் எட்டுப் பேரும் உள்ளே போய் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். அய்யாதுரை செருப்பைக் கழற்றி, தகட்டைத் தொட்டு, வாசற்படியில் நின்று கைகூப்பினார்.

"அன்புள்ள ஆண்டவரே, இந்த அறையில வேலை செய்யிற..."

அதோடு நின்றுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் நாலு பேர் என்று கண் சிமிட்டாமல் சொல்லுகிறவர்தான் அவர். சொல்லியும் இருக்கிறார். ஆனால் சின்ன வயதிலிருந்து ஆண்டவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எட்டு என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதை ஐயர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் மேல் அவருக்கு முதல்முறையாகப் பிரியம் வந்தது.

பிறகு அய்யாதுரை கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"காளீஸ்வரா, கோடவுனாக்கி வச்சிருக்கிற பக்கத்து ரூமக் காலி பண்ணு. நாலு பேரு அங்கன போகட்டும்."

"காலி பண்ணுத வரைக்கும் கூலி?" என்று கேட்டாள் சோலையம்மாள். அவளும் கண்ணைத் திறக்கவில்லை.

"உண்டு."

நாலு பேர் எழுந்து போனார்கள். அய்யாதுரை மிச்சம் இருந்த நாலு பேருக்காகவும் ஜெபித்தார். சண்முகத்தாயின் பெயரையும் சொன்னார். அவர் அழுதது எல்லாருக்கும் கேட்டது.

ஆமென் சொன்னதும் பாண்டிச்செல்வி மூலையிலிருந்து தலையைத் தூக்கினாள். வாசல் வரைக்கும் வெறும் தரை. ஒருதரம் எழுந்து வாசல் வரை நடந்து வந்து பார்த்தாள். திரும்பப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மருந்து நெடி," என்றார்.

"இன்னும் மருந்தே எடுக்கலயே ஐயரே," என்றான் காளீஸ்வரன்.