ஒரு கல்லுக்கு மட்டும் மணல்

மணல் லாரி வியாழக்கிழமை காலையில் வந்து கொட்டிவிட்டுப் போனது. அதுவரை செல்போனை விட்டுத் தலை நிமிராமல் கிடந்த பேத்திகள் இரண்டு பேரும் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் குவியலில் இரண்டு சுரங்கப் பாதை, ஒரு கோட்டை, பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டு ஒரு சறுக்கு. ஓசூரிலிருந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போக வந்த இசைவாணியும் அஸ்வினியும் நாகமலை புதுக்கோட்டையில் தனி வீடு கட்டிக் குடியேறிவிட்டதாகவே தோன்றியது சிவபாண்டிக்கு.

மணல் வந்ததும் அவர்களுக்காகத்தான். பிள்ளைகள் வந்தால் படுக்க வீட்டை ஒட்டி ஓர் அறை வேண்டும் என்று அவர் மனைவி மலையம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அஸ்திவாரம் போட முடிந்தது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பிறக்கும் முன், பத்தரைக்குள் சுவருக்கு முதல் கல் வைத்தாக வேண்டும். தவறினால் கொத்தனார் பேயாண்டி தல்லாகுளத்து வேலைக்குப் போய்விடுவார். அது முடிய ஆடி பிறந்துவிடும். ஆடியில் யார் சுவர் தொடங்குவார்கள்?

ஒன்பதரைக்கு வந்த பேயாண்டி, சாமான் பையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

"தாத்தா, கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடுறோம். ஒளிச்சு வைக்க ஏதாச்சும் தாங்க" என்று வந்து நின்றாள் ஆறு வயது அஸ்வினி. கண்ணாடி போடாத சிவபாண்டி, பைக்கு மேலே பம்பரம் மாதிரிக் கிடந்த பித்தளைச் சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

டீ குடித்து வந்த பேயாண்டி பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். "அண்ணே, தூக்குக்குண்டக் காணோமே! எங்கப்பாரு குண்டு அது. அதத் தொங்கவிடாம நான் ஒரு சுவரு ஏத்துனதில்ல."

சிவபாண்டிக்கு விளங்கிவிட்டது. மெதுவாக வாசலைக் கை காட்டினார்.

வரப்பு போல நீளமாகக் குவித்த ஈர மணலுக்கு முன்னால் அஸ்வினி உட்கார்ந்திருந்தாள். "உள்ளதான் இருக்கு. சொல்ல மாட்டேன். சொன்னா ஆட்டம் கலைஞ்சிரும். எங்கன்னு பாத்துக் கை வைங்க மாமா."

"ஏ பாப்பா, நேரமாகுது!"

"கை வைங்க."

பேயாண்டி விரல்களைக் கோத்து நடுவரப்பில் வைத்தார். மணலைக் கலைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. தோற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கைநிறைய மணலோடு போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். எட்டவில்லை என்று கொத்தனாரை முட்டிபோட வைத்து, அவர் துண்டாலேயே கண்ணைக் கட்டினாள் பெரியவள் இசைவாணி.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள் மகள் மீனா. "யப்பா, கொத்தனாரக் கண்ணக் கட்டி எங்க கூட்டிட்டுப் போறாளுக?"

"வேலைக்குத்தாம்மா."

அவர்கள் திரும்பி வந்தபோது மணி பத்து பத்து. சிவபாண்டியே வரப்பின் முன் குந்தினார். அஸ்வினி கடைக்கோடியில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். அந்த முட்டியை ஒட்டிக் கையை வைத்தார். குண்டு விரலில் தட்டியது.

"உனக்கு யாரு இப்படி ஒளிக்கச் சொல்லிக் குடுத்தது?"

"அக்கா."

"அக்காவுக்கு?"

"அம்மாச்சி" என்றாள் இசைவாணி.

சிவபாண்டி குண்டில் ஒட்டியிருந்த மணலை வேட்டியில் துடைத்தார். துடைத்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வாங்கண்ணே, இன்னிக்கே இம்புட்டையும் சலிச்சிருவோம்" என்றார் பேயாண்டி.

இசைவாணி சறுக்கின் மேல் ஏறி நின்றுகொண்டாள். "ரூம் யாருக்குத் தாத்தா?"

"ஒங்களுக்குத்தான். வந்தா படுக்க."

"நாங்க ஹால்லயே படுத்துக்கிறோம். மணல் இருக்கட்டும்."

சிவபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. "ஏப்பா பேயாண்டி, ஒரே ஒரு கல்லு வச்சுட்டா வேலை ஒன்னோடது ஆயிரும்ல?"

"பின்ன? கல்ல வச்சுட்டுப் பாதியில போனா எம்பேரு கெட்டுப்போகும். தல்லாகுளத்துக்காரருதான் காத்திருக்கணும்."

"அப்ப இன்னிக்கு ஒரு கல்லு. ஞாயித்துக்கிழமை இவளுக கிளம்பிருவாளுக. மத்ததத் திங்கக்கிழமை பாரு."

"ஒரு கல்லுக்கு எம்புட்டு மணல் மாமா?" என்று சந்தேகத்தோடு கேட்டாள் அஸ்வினி.

"அரைச் சட்டி."

கோட்டைக்குப் பின்பக்கத்து மணலைச் சிரட்டையால் அளந்து அளந்து சட்டியில் போட்டாள். "இதுக்கு மேல கேக்கக்கூடாது."

பத்து இருபத்தைந்துக்குக் கல் உட்கார்ந்தது. அந்த ஒற்றைக் கல்லுக்கும் பேயாண்டி குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து மணல் வரப்பின் முன்னால் சம்மணம் போட்டார்.

"இந்தா பாப்பா, குண்டு. ஒளிச்சு வையி. ஆனா முட்டிக்குக் கீழ வைக்கக்கூடாது, சொல்லிட்டேன்."