வெள்ளச்சியை அவிழ்த்த பரீட்சை

செயின்ட்-மிஷேலில் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் அன்று ஒரு கிராமமே முளைத்திருந்தது. பலகையால் அடித்த நாலு வீடு, ஒரு பெரிய கதவு, வெளியே பனிக்குள் ஒரு பஸ். ஐ.நா. அமைதிப் பணிக்குப் போக ஆசைப்படும் பொலிஸ்காரருக்கு அங்கேதான் கடைசிப் பரீட்சை. ஆயுதக்காரர் வருமுன் ஊர்ச்சனத்தைப் பத்திரமாக பஸ்ஸில் ஏற்ற வேண்டும். பொலிஸ்காரி கஜந்தினி ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். இதிலும் தவறினால் அவளுடைய கனவுக்கு மங்களம்தான்.

ஊர்ச்சனமாக நடிக்க யார் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், அட கடவுளே, எல்லாம் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் பொங்கலுக்கு வரிசையில் நிற்கிற முகங்கள்!

ஊர்த்தலைவர் பேரின்பநாதன். குளிர்க் காற்சட்டைக்கு மேலே வேட்டி கட்டியிருந்தார்.

“நீர் ஆர்? உம்மை நாங்கள் எப்பிடி நம்பிறது?” என்று உறுமினார். அவள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டில் மூன்று தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனுசன்!

கஜந்தினி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஒலிபெருக்கியில் வெடிச்சத்தம் கேட்டது. பொலிஸ்காரர் சுதாரிக்குமுன் ஊர்ச்சனம் முழுக்கக் குப்புறப் படுத்துவிட்டது. பிறகு தூசியைத் தட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி, வரிசையாகக் கதவடிக்கு வந்தது. ஒருத்தியைத் தவிர.

சிவமலர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“அன்ரி, வாங்கோ. நேரமில்லை.”

“மாடு கட்டிக் கிடக்கு, பிள்ளை. வெள்ளச்சியை அவிழ்க்காமல் நான் எப்பிடி வாறது?”

பரீட்சை வைக்கும் ஜினெத் மணிக்கூட்டைக் காட்டினாள். மாடு என்று அவர்கள் எழுதிக்கொடுத்த கதையில் எதுவும் இல்லை. கஜந்தினியோடு வந்த இரண்டு பொலிஸ்காரர் சிவமலரைக் கதிரையோடு தூக்கக் குனிந்தார்கள். தூக்கினால் நேரத்துக்கு முடியும், பரீட்சையிலும் தேறலாம். ஆனால் சிவமலரின் கண்ணில் நடிப்பு இல்லை. கஜந்தினி கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினாள்.

“எங்க கட்டியிருக்கு, அன்ரி?”

சிவமலர் ஒரு இரும்புத் தூணைக் காட்டினாள். கஜந்தினி போய் முழங்கால் ஊன்றி வெறுங்காற்றில் முடிச்சை அவிழ்த்தாள்.

“அது இல்லை, பிள்ளை. கழுத்துக் கயிறை அவிழ். கயிறோட விட்டா முள்ளுப் பத்தைக்குள்ள சிக்கிப்போடும்.”

கழுத்துக் கயிறும் அவிழ்ந்தது. அவ்வளவுதான், ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பேரின்பநாதனுக்குத் தன் ஆடு ஞாபகம் வந்தது, இன்னொருத்திக்குக் கோழிக்கூடு. “ஹேய், ஹேய்!” என்று இல்லாத ஆடுகளைத் துரத்தினார்கள். பொலிஸ்காரர் கோழிகளுக்காகக் கதவை விரியத் திறந்து பிடித்தார்கள். வழியில் நின்ற ஜினெத்தே தன்னை அறியாமல் மாட்டுக்கு ஒதுங்கி நின்றாள். கஜந்தினிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிவமலர் எழும்பி வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள்.

நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. ஜினெத்தின் முகத்தைப் பார்த்ததும் கஜந்தினிக்குச் சிரிப்பு ஓடிப்போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே கேள்விதான். அதை ஊர்ச்சனத்திடம் கேட்பது வழக்கம்: உண்மையான சண்டை என்றால் இவளோடு போவீர்களா?

சிவமலர்தான் பதில் சொன்னாள்.

“ஊரில சண்டை வந்த அண்டைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் வரேல்லை. செல்குண்டு விழ விழ ஓடினம். வெள்ளச்சி கட்டினபடி நிண்டது. இப்பிடி ஒருத்தி வந்திருந்தா…”

 அதை ஜினெத்துக்குப் பிரெஞ்சில் சொன்னவர் பேரின்பநாதன். அன்று முழுக்க அவர் நடிக்காமல் சொன்னது அது ஒன்றைத்தான்.

ஜினெத் தன் தாளில் நேரம் எழுதியிருந்த இடத்தைக் கோடு போட்டு அடித்தாள். பிறகு கஜந்தினியின் கையைப் பிடித்துக் குலுக்கி, “எப்போது புறப்படுகிறாய்?” என்றாள். கஜந்தினி துள்ளிய துள்ளலில் தலைக்கவசம் பனிக்குள் உருண்டது. பஸ் முழுக்க ஒரே ஆரவாரம்.

களஞ்சியத்துக் கதவைச் சாத்தப் போன ஜினெத் நின்று திரும்பினாள். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மாடு போய்விட்டதா என்று சிவமலரிடம் கேட்டாள்.

“ஓம்,” என்றாள் சிவமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “போயிட்டுது.”