தண்ணீர் விடாத வரிசை

"போதும்ட்டி. எத்தன தடவதான் தொடைப்ப?" என்றாள் எலிசபெத் அத்தை.

ரீபாவின் கை நிற்கவில்லை. பஞ்சை டம்ளரில் நனைத்துப் பிழிந்து, மறுபடியும் அப்பாவின் உதடுகளில் ஒற்றினாள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி, கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நேற்றுப் பிற்பகலில் உயிர் போனவருக்கு இனி உதடு காய்ந்தால் என்ன, நனைந்தால் என்ன? அது அவளுக்கும் தெரியும். ஆனால் உள்ளே ஒரு கேள்வி கிடந்து அரித்தது. அப்பா தாகத்தோடு போனாரா?

அப்பா அப்பாத்துரைக்குச் சிறுநீரகங்கள் கைவிட்டதிலிருந்து குடிக்கிற தண்ணீருக்கு அளவு. அந்த அளவுக்குக் காவல் ரீபா. காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி வைப்பாள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். தாமிரபரணியில் குதித்து வளர்ந்த மனிதர், அந்தப் பாட்டில் தண்ணீரை மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தார்.

மாடியிலும் அவளுக்கு அதே வேலைதான். வறட்சியைத் தாங்குகிற நெல்லைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி செய்துவந்தாள். அப்பாவை விட்டு நகர முடியாது என்றதும், அவளுடைய பேராசிரியை மறுபேச்சில்லாமல் நெல் தொட்டிகளை வேனில் ஏற்றிப் பாளையங்கோட்டை வீட்டுக்கே அனுப்பிவிட்டார். ஒரு வரிசைக்குத் தினமும் தண்ணீர். மற்ற வரிசைக்கு வாரக்கணக்கில் கிடையாது.

படியேற முடிந்த நாட்களில் அப்பா அந்த இரண்டாம் வரிசைக்கு முன்னால்தான் நாற்காலியைப் போட்டு உட்காருவார்.

"ஏட்டி, இது ஏன் ஊசி மாரி சுருண்டு கெடக்கு?"

"மண்ணு காய்ஞ்சதும் வேரு இலைக்குச் சேதி சொல்லிரும்ப்பா. இலை தன் வாயெல்லாம் மூடிக்கிட்டு, வெயில் ரொம்பப் படாம சுருண்டுக்கிடும். சாயந்திரம் விரிஞ்சிரும்."

"கெட்டிக்காரப் பய. என் வாய்தான் மூட மாட்டேங்கி." அவர் சிரித்தார். "என்னையும் நீ இந்த வரிசையிலதான வச்சிருக்க?"

அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நேற்று மதியம் பாட்டில் காலியாகிவிட்டது. "ஒரு மடக்கு தா தாயி" என்று கேட்டார். "இன்னைக்கு அளவு முடிஞ்சிட்டுப்பா, காலையில தாரேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு ஜனாபா மாமியை அவருக்குத் துணைக்கு வைத்து மருந்துக்கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"மாடியில அண்ணனுக்க கரைவேட்டி காயுது. போயி எடுத்துட்டு வா, உடுத்தணும்" என்று அத்தை அவளை எழுப்பி அனுப்பினாள்.

உச்சிவெயில். வேட்டியை உருவிக்கொண்டு திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் விடாத வரிசை முழுக்க இலைகள் சுருண்டு நிற்க, கடைசித் தொட்டியில் மட்டும் பயிர் இலை விரித்துப் பச்சென்று நின்றது. மண் ஈரத்தில் கறுத்திருந்தது. பக்கத்தில் ஒரு செம்பு. அது இந்த வீட்டுச் செம்பு இல்லை.

கீழே பாதிப் படியில் ஜனாபா மாமி, துக்கத்துக்கு வந்தவர்களுக்காகத் தன் வீட்டில் போட்ட தேத்தண்ணியில் அவளுக்கும் ஒரு வாய் கொடுக்க, பிளாஸ்க்கோடு ஏறி வந்துகொண்டிருந்தார். நேற்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பு இவர்களுக்காகவே எரிகிறது.

"மாமி, மேல இருக்கது உங்க செம்பா?"

மாமி பிளாஸ்க்கைப் படியில் வைத்தார்.

"நாந்தாம்மா ஊத்துனேன். அது மட்டுமில்ல..." முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். "நீ போனப்பொறவு அண்ணன் தண்ணி கேட்டாவ. குடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டாவம்மா. எனக்குப் பொறுக்கல. எங்க மண்பானையில ஒரு செம்பு கோரிட்டு வந்தேன்."

"குடிச்சாவளா?"

"ரெண்டு மடக்கு. ஆத்துத் தண்ணி மாரி இருக்குன்னு சொன்னாவ. மிச்சத்த நீட்டுனா வேண்டாம்னுட்டாவ. 'மாடியில எங்கூட்டாளி ஒருத்தன் காய்ஞ்சு நிக்கான், அவனுக்கு ஊத்திருங்க'ன்னாவ. பைய ஏறி ஊத்திட்டு, முட்டுவலியில செம்ப அங்கனயே வச்சுட்டு எறங்கி வந்தேன். தூங்குத மாரி கெடந்தாவ." மாமியின் குரல் உடைந்தது. "நான் குடுத்த தண்ணிதான் கொண்டு போயிட்டோ? அல்லா என்னைய மன்னிப்பானா? ராத்திரி பூரா கண்ணு மூடல."

ரீபா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு மடக்கு ஒண்ணும் செய்யாது மாமி. இருதயம்தான் நின்னுட்டுன்னு டாக்டர் சொன்னாரு. நீங்க ஒண்ணும் பண்ணல." கையிலிருந்த வேட்டியின் கரையை நீவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "குடிச்சப்ப சிரிச்சாவளா?"

"சிரிச்சாவம்மா. நல்லாச் சிரிச்சாவ."

ரீபா மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். தாகத்துக்குக் கொடுத்த கை. அது கூசி நிற்கலாமா? தன்னால் முடியாமல் போனதை, சொந்தமும் இல்லாத ஒருத்தியைக் கொண்டு ஆண்டவர் செய்து முடித்திருக்கிறார்.

"அங்க என்னட்டி பண்ணுத? பெட்டி வந்துட்டு!" என்று கீழிருந்து அத்தை கத்தினாள்.

"வாங்க மாமி. நீங்களும் பக்கத்துல நில்லுங்க."

அப்பாவுக்கு வேட்டியை உடுத்தினார்கள். பஞ்சு நனைத்த டம்ளரை ரீபா எடுத்துப்போய் அடுக்களையில் வைத்துவிட்டாள். போதகர் ஜெபித்து, இந்த வீட்டுக்குக் கிடைத்த நன்மைகளுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னபோது, எல்லோருக்கும் முன்னால் ஆமென் என்றது அவள் குரல்தான். அத்தைகூடத் திரும்பிப் பார்த்தாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து குளித்தபின், மாமி கொடுத்தனுப்பிய கஞ்சியில் கொஞ்சம் குடித்துவிட்டு மாடிக்கு ஏறினாள். வெயில் தாழ்ந்திருந்தது. சுருண்டிருந்த இலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டிருந்தன.

கடைசித் தொட்டியில் குத்தியிருந்த அடையாள அட்டையைப் பிடுங்கினாள். இனி அது ஆராய்ச்சிக் கணக்கில் வராது. தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி, தினமும் தண்ணீர் விடும் வரிசைக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த தொட்டிகளைச் சற்று நகர்த்தி, நடுவில் இடம் பண்ணி வைத்தாள்.

பிறகு மாமியின் செம்பில் தண்ணீர் கோரி, பையப் பைய ஊற்றினாள். தொட்டியின் அடியிலிருந்து ஈரம் கசிந்து தரையில் பரவும்வரை அங்கேயே நின்றாள்.