பெயர் எழுதாத பட்டியல்

1

இந்தக் கதை என் கையெழுத்தில் இருக்கும் ஒரு பட்டியலில் இருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஏதோ கற்பனை வளம் மிக்கவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பதுளையில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலையில் நான் பத்தாம் தர வகுப்பாசிரியை. தவக்காலத்தில் ஒவ்வொரு வகுப்பும் உணவுச் சந்தை போட்டு, சேரும் பணத்தில் ஏதாவது உதவி செய்வது எங்கள் வழக்கம். இந்த வருடம் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருபது காம்பராக்களுக்குக் கம்பளி; ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதுதான் காம்பரா.

பட்டியல் எழுதும்போது பள்ளி அதிபரான சிஸ்டர் சொன்னார்: "பேரு போடாதீங்க டீச்சர். புள்ளைங்க கண்ணுல பட்டா அந்த ஆளுங்களுக்குக் கூச்சமா இருக்கும். லய நம்பரும் காம்பரா நம்பரும் போதும்."

நல்ல யோசனை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பட்டியலை வகுப்புச் சுவரில் ஒட்டினேன்; வகுப்போடு போய்க் கொடுப்பது சனிக்கிழமை.

2

ஆரம்ப வரி, முதல் முயற்சி: பனி மூடிய தேயிலைச் சரிவில் ஒரு சிறுமி

(வெட்டிவிட்டேன். கம்பளி கொடுக்கப் போன அன்று பனியே இல்லை. பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது.)

இரண்டாவது: கிஷாந்தினிக்கு வறுமை என்றால் என்னவென்று

(வேண்டாம். வறுமை என்று எழுதியதுமே எனக்குக் குரல் தழுதழுக்கிறது. அது என் குரலே இல்லை.)

மூன்றாவது: கிஷாந்தினி நன்றாக வடை விற்பாள்.

இது உண்மை. என் வகுப்புப் பிள்ளை; சந்தையில் அவள் கொண்டுவந்த உளுந்து வடைதான் முதலில் தீர்ந்தது. யார் சுட்டது என்று கேட்டேன். "அத்தை, டீச்சர்." ஹாலிஎல பஜாரில் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்றுதான் பதிவேடும் சொன்னது. (அந்த அத்தை வெளிநாடு போய் இரண்டு வருடம் என்பது பிறகுதான் தெரிந்தது.)

3

பட்டியல் ஒட்டிய மறுநாள் கிஷாந்தினி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், சனிக்கெழம நான் வரலன்னா பரவாயில்லையா?"

"ஏன்?"

"சும்மாதான்."

இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் விசாரித்திருப்பேன். கதவின் பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்; நான் அதற்குத்தான் அதட்டினேன்.

"ஒன் வடை இல்லாட்டி ஏது கம்பளி? நீதான் மொத ஆளா குடுக்கணும்," என்றேன். பெருமைப்படுத்துகிறேன் என்று எனக்கு நினைப்பு.

(அவள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பில் சத்தம் கூடினால் 'என்ன இது, லயத்துச் சண்டையா?' என்று அடக்குவது எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம். அதை அதிகம் சொன்னவள் நான்.)

4

வழக்கம் இப்படி: ஒரு மாணவி கொடுப்பாள், வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாங்குவார், நான் போட்டோ எடுப்பேன். பட்டியலில் முதலாவது, மேட்டு லயம், நாலாம் காம்பரா.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். அன்று கொழுந்து பறிக்கப் போகவில்லை போலும். தலை வாரி, நல்ல சேலை உடுத்தியிருந்தாள். கிஷாந்தினி கம்பளியோடு அவளுக்கு எதிரில் போய் நின்றாள். மீதிக் கம்பளிகளைக் கட்டிப் பிடித்தபடி அவளுடைய சிநேகிதி ஷஹீலா பின்னால்.

போனைத் தூக்கினேன். அந்தப் பெண்ணுக்குப் பின்னால், கொடியில் எங்கள் பள்ளியின் டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. திரையில் இரண்டு முகங்கள், ஒரே மூக்கு. அது அவள் வீடு. அது அவள் அம்மா.

வேறு பிள்ளை கொடுக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். போனையாவது இறக்கியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

அந்த அம்மா கம்பளியைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்து, யாரோ ஊரார் பிள்ளையிடம் விசாரிப்பது போலச் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"ஒங்க பேரு என்னம்மா?"

5

(தாயும் மகளும் முதல் நாளே பேசி வைத்துக்கொண்டார்களா, தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.)

முடிவு ஒன்று: கிஷாந்தினி பெயரைச் சொல்கிறாள். "நன்றிங்க" என்று அம்மா கம்பளியை வாங்கிக்கொள்கிறாள். நாங்கள் அடுத்த காம்பராவுக்குப் போகிறோம்.

முடிவு இரண்டு: "அம்மா" என்கிறாள். ஷஹீலாவின் கையிலிருந்து கம்பளிகள்

(இல்லை. ஷஹீலா சினிமாவில் நடிக்கவில்லை.)

முடிவு மூன்று: டீச்சர் குறுக்கே வந்து

(வரவில்லை. எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.)

அவள் சொன்ன பதிலை என் காதால் கேட்டேன். எழுதமாட்டேன். அவள் விருப்பத்தைக் கேட்காமல் ஒருமுறை முன்னால் நிறுத்தியாயிற்று, போதும். வேண்டுமானால் நீங்கள் போய் நில்லுங்கள். கையில் கம்பளி. பின்னால் உங்கள் வகுப்பு மொத்தமும். எதிரில் உங்கள் அம்மா, உங்களைத் தெரியாதவள் போலச் சிரித்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.